போருக்குப் போகிற வழியில்: ஸ்கைரோஸ் தீவில் சில நாட்கள்

செப்டம்பர் 12, வியாழன் – கிமி துறைமுகம்

கப்பல் கிடையாது என்பதைக் கவுண்டரில் இருந்தவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "அப்பகொரெஃப்திகோ." போனில் தட்டிப் பார்த்தால் 'தடை' என்று வந்தது. காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் துறைமுகப் போலீஸ் கப்பலை விடமாட்டார்களாம். அவர் எட்டு விரலைக் காட்டி "பேஃபோர்" என்றார். இங்கே காற்றை எல்லோரும் இந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள். டீக்கடைக்காரர்கூட "இன்றைக்கு எட்டு, நாளைக்கு ஆறு" என்கிறார், நம்ம ஊரில் மோர் கடைசல் பதம் சொல்வது மாதிரி.

ஏதென்ஸிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த முழங்காலுக்கு இது தேவையா என்று எனக்குத் தோன்றியது. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, முகம் தொங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். வருஷா வருஷம் ஒரு சானட்டை, அதாவது பதினாலு வரிக் கவிதையை, பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு, "இதை எழுதியவன் ஒரு கிரேக்கத் தீவில் ஆலிவ் தோப்புக்குள் கிடக்கிறான், ஒருநாள் போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓய்வு பெற்றார். மகள் ம்யூனிக்கிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தீவு, நடுவில் நுரை கக்குகிற கடல், நாங்கள் இரண்டு பெட்டியோடு கரையில்.

துறைமுகத்தில் ரூம் வாடகை நாற்பத்தைந்து யூரோ. நம்ம பணத்துக்குப் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். பெருக்கிப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம். ஜன்னலுக்குக் கொசுவலை கிடையாது. ஓனரம்மா ஒரு தட்டில் காய்ந்த அத்திப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். கிமி அத்திப்பழத்துக்குப் பேர் போன ஊராம். நம்ம கடைகளில் மாலையாகக் கோத்துத் தொங்குமே, அந்த வறண்ட தோல் மாதிரி இல்லை. கடித்தால் உள்ளே தேன்.

ராத்திரி காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. இவர் இருட்டில் பாடம் எடுத்தார். ரூபர்ட் புரூக். 1887-இல் இங்கிலாந்தின் ரக்பியில் பிறந்தவர். பார்க்க அத்தனை அழகு. 1914-இல் போர் வந்ததும் கடற்படைப் பிரிவில் சப்-லெப்டினன்ட் ஆனார். அந்த அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் பின்வாங்கித் திரும்பினார்கள், சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. திரும்பிய கையோடு ஐந்து சானட் எழுதினார். நான் அந்நிய மண்ணில் செத்தால் அந்த இடம் என்றைக்கும் இங்கிலாந்துதான் என்கிற கருத்தில் ஒன்று. 1915 ஈஸ்டர் ஞாயிறன்று, ஏப்ரல் 4, லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அதைப் பிரசங்க மேடையிலிருந்தே வாசித்தார்கள். பத்தொன்பது நாளில் ஆள் இல்லை.

"குண்டடியா?" என்றேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"கொசுக்கடி. உதட்டில்."

சொல்லி வாயை மூடவில்லை, என் புறங்கையில் ஒன்று உட்கார்ந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி – கிமி, சாயங்காலம் லினாரியா

காலையில் கையைப் பார்த்தால் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. நான் இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள். பயப்படுகிற ஜாதி இல்லை, ஆனால் கல்ச்சர் தட்டுகளில் என்னென்ன வளரும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு வீக்கத்தைச் சும்மா விடவும் தெரியாது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டத்தைத் தாண்டினால் டாக்டர், தாண்டாவிட்டால் காபி. இவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "புரூக்குக்கு யாரும் இப்படி வட்டம் போடலை" என்றேன், சிரிப்பு நின்றது.

காற்று இன்னும் தணியவில்லை, கப்பல் சாயங்காலம்தான் என்றார்கள். சரி, மேலே ஊருக்குப் போவோம் என்று டாக்சி பிடித்தோம். துறைமுகம் கீழே, ஊர் மலைமேலே. முதலில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை. அந்தப் பெண் என் பேனா வட்டத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கி, "டாக்டரா?" என்றார். லேப் என்றேன். உடனே மரியாதை கூடிவிட்டது. ஒரு களிம்பு கொடுத்து, ஆறு யூரோ வாங்கிக்கொண்டு, கடைக்கு வெளியே கூட்டிவந்து ஒரு திசையைக் காட்டினார். "பாப்பனிகோலாவு! பாப்பனிகோலாவு!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாப் ஸ்மியர் சோதனையின் 'பாப்' இருக்கிறதே, அந்த ஜார்ஜ் பாப்பனிகோலாவு பிறந்த ஊர் இது. 1883. இவருக்கு ஒரு கவிஞர் என்றால் எனக்கு அந்தப் பாப்பனிகோலாவு. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி காட்டிய ஆள். ஓஜி-6, ஈஏ-50 என்று சீட்டு ஒட்டிய சாயப் பாட்டில்களில் ஸ்லைடுகளை முக்கி முக்கி எடுத்தே என் பாதி ஆயுசு போனது. விரல் நுனியில் ஆரஞ்சுக் கறையோடு கல்யாண வீட்டுக்குப் போய், மருதாணி சரியாகப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள்.

அவரும் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர்தான், 1912-இல் தொடங்கிய பால்கன் போரில். அடுத்த வருஷம் மனைவி மேரியோடு நியூயார்க் போய், வேலை கிடைக்காமல் கடையில் கார்ப்பெட் விற்றிருக்கிறார். அந்த அம்மா பட்டன் தைத்திருக்கிறார். அப்புறம்தான் மைக்ராஸ்கோப். அந்த மேரிதான் வருஷக்கணக்காகத் தன் உடம்பிலிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்தவர். பாப்பனிகோலாவுக்குச் சிலை இருக்கிறது. மேரியம்மாவுக்கு? நான் பார்த்தவரை இல்லை. சிலையோடு ஒரு படம் எடுத்து எங்கள் லேப் குரூப்பில் போட்டேன்.

பாப்பனிகோலாவு தன் கண்டுபிடிப்பை முதன்முதலில் வெளியே சொன்னது 1928. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் அதே 1928. புரூக்கின் உதட்டுக்குப் பதிமூன்று வருஷம் தாமதம். நோயாளிக்கு ஊசியாகப் போட இன்னும் ஒரு பதிமூன்று வருஷம். இதை நான் சொன்னபோது இவர் அத்தித் தோலை உரித்துக்கொண்டே, "உனக்கு இலக்கியம் வராதுன்னு யார் சொன்னது" என்றார்.

கப்பல் ஆறு மணி சுமாருக்குக் கிளம்பியது. ஒன்றே முக்கால் மணி நேரம். அலை இன்னும் அடங்காததால் பாதிப் பேர் பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் எலுமிச்சையை முகர்ந்துகொண்டு எனக்கும் ஒன்றை நீட்டினார். கொடைக்கானல் பஸ் நினைவு வந்துவிட்டது.

லினாரியா துறைமுகத்துக்குள் நுழையும்போது கரையிலிருந்த ஒரு பாரின் ஸ்பீக்கரில் எக்காளம் முழங்க ஒரு பெரிய இசை. ராஜா வருகிற மாதிரி. கப்பல் வரும்போதெல்லாம் போடுவார்களாம். வாந்தி எடுத்துக் களைத்த எண்பது பேரை இப்படி வரவேற்ற இடம் உலகத்தில் வேறு இருக்காது.

செப்டம்பர் 14, சனி – சோரா

தீவின் ஊருக்குப் பேர் சோரா. பாறை உச்சியில் கோட்டை, அதன் சரிவில் சர்க்கரைக் கட்டிகளைக் கொட்டியது போல வெள்ளை வீடுகள். உள்ளே வண்டி போகாது. சந்துகள் எல்லாம் படிக்கட்டு. காலையில் கோயில் மணி கேட்டு எட்டிப் பார்த்தேன். வெளியே வருகிற பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பச்சைக் கொத்து. பக்கத்தில் வந்ததும் வாசனை. திருநீற்றுப்பச்சிலை! எங்கள் அம்மா வீட்டில் கிணற்றடியில் நிற்கும். இன்றைக்குச் சிலுவைத் திருநாளாம், இந்த இலையைக் கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பார்களாம். சிலுவையைத் தோண்டி எடுத்த இடத்தில் இந்தச் செடிதான் முளைத்திருந்தது என்று கதை. நான் முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்த ஒரு அம்மா தன் கொத்தை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார். என்ன மதம் என்று கேட்கவில்லை.

இன்னொரு நல்ல விஷயம், இன்றைக்கு விரத நாள். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லை. சைவரான இவர் இந்தப் பயணத்திலேயே முதன்முறையாக மெனுவைப் பார்த்து நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஃபாவா என்று ஒன்று வந்தது. மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அசல் பருப்புக் கடைசல், தாளிக்கத்தான் மறந்துவிட்டார்கள். வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு. ரொட்டியோடு சேர்த்துப் பதினேழு யூரோ. பக்கத்து மேஜையில் இந்தத் தீவின் பேர் பெற்ற சமாசாரமான சிங்கிறால் ஸ்பகெட்டியை ஒரு ஜெர்மன் தம்பதி சாப்பிட்டார்கள். கிலோக் கணக்கில் விலை. பில் வந்ததும் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

வீட்டுக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் சுவர் முழுக்கத் தட்டுகள், செம்புப் பாத்திரங்கள். நம்ம வீட்டு எவர்சில்வர் அலமாரிப் பெருமைதான். செதுக்கிய சின்னச் சின்ன மர நாற்காலிகள், குழந்தைக்குச் செய்ததோ என்று நினைத்தால் அதில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் ஊரின் விளிம்பில் புரூக் சதுக்கம். கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கல ஆண் சிலை, உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. 1931-இல் வைத்தது, செய்தவர் மிஹாலிஸ் தோம்ப்ரோஸ். இது புரூக்கின் உருவம் இல்லை, கவிதைக்கே ஓர் உருவமாம். இவர் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் மாணவர்கள் குரூப்பில் போட முடியாத படமாகவே வந்தது. கடைசியில் சிலையின் தலையும் இவர் தலையும் மட்டும்.

கை: வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு – திரிஸ் பூகெஸ்

டாக்சிக்காரர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியா என்றதும் "மெட்ராஸ்! தூத்துக்குடி! ஹாட், ஹாட்!" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக் காட்டினார். போய்வர ஐம்பது யூரோ என்று பேச்சு.

தீவின் வடக்கே பைன் காடு. தெற்கே போகப் போக எல்லாம் உதிர்ந்து, கல்லும் முள்ளும் வெள்ளாடும். மலைச்சரிவில் ஒரு கூட்டம் குட்டைக் குதிரைகள். இந்தத் தீவுக்கே உரிய இனம், என் நெஞ்சு உயரம்கூட இல்லை. ஓரிடத்தில் கடற்படைத் தளம், படம் எடுக்காதே என்று பலகை. கீழே மலைகள் வளைத்த குடா. வாயில் இரண்டு சிறு தீவுகள் நின்று வழியை மூன்றாகப் பிரிக்கின்றன. அதனால்தான் திரிஸ் பூகெஸ், 'மூன்று வாய்' என்று பெயர்.

1915 ஏப்ரல் 17 அன்று, துருக்கியோடு சண்டைக்குப் போகிற வழியில், இந்தக் குடாவில்தான் புரூக்கின் கப்பல் 'கிராண்டுலி காஸில்' நங்கூரம் போட்டது. அதற்கு முன்பே எகிப்தின் போர்ட் சயீதில் வெயிலிலும் சீதபேதியிலும் படுத்தவர். தளபதி ஹாமில்டன் நேரில் பார்க்க வந்து, தன் அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். உதட்டில் கொசு கடித்த வீக்கம். ஏப்ரல் 20 அன்று தீவில் பயிற்சி. நடுவில் இந்தத் தோப்பில் நண்பர்களோடு கொஞ்ச நேரம் இளைப்பாறினார். அன்றைக்கு ராத்திரியே படுத்தார். இருபத்திரண்டாம் தேதி 'டுகே-ட்ரூவான்' என்ற பிரெஞ்சு ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு மாற்றினார்கள். கப்பல் முழுவதற்கும் புரூக் ஒருவர்தான் நோயாளி. சண்டை இன்னும் தொடங்கவில்லை, அதனால் படுக்கை எல்லாம் காலி. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்விட்டார். ஏப்ரல் 23, இங்கிலாந்தின் காவல் தெய்வமான செயின்ட் ஜார்ஜ் நாள். கிரீஸ் அப்போது பழைய பஞ்சாங்கத்தில் இருந்ததால் இந்தக் கரைக்காரர்களுக்கு அது வெறும் ஏப்ரல் 10. வயது இருபத்தேழு.

லண்டன் பத்திரிகையில் வெயில் தாக்கி இறந்ததாக முதலில் போட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சுறுக்கென்றது. செப்சிஸ், அதாவது கிருமி ரத்தத்தில் பரவியது என்று எழுதினால் கவிஞனுக்கு அழகில்லை, சூரியன் என்றால் எடுப்பாக இருக்கிறது போலும்.

சாலையோரம் ஒரு சின்னப் பலகை, அப்புறம் ஆலிவ் மரங்கள். உள்ளே வெள்ளை மார்பிள் கல்லறை, சுற்றி இரும்பு வேலி. புரூக்கின் அம்மா பின்னால் போட்டுக் கொடுத்தது. வேறு யாரும் இல்லை. காற்று அடியோடு நின்றிருந்தது. காலடியில் காட்டுச் செடி நசுங்கி மருந்து வாசனை எழுந்தது. எங்கோ வெள்ளாட்டு மணி.

இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சானட்டைச் சொல்லப் போகிறார் என்று போனில் வீடியோவைத் தயாராக வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தவே இல்லை" என்றார்.

அப்புறம் சொன்னார். விடிந்தால் கப்பல் கிளம்ப வேண்டும் என்பதால் ராத்திரியே அடக்கம் செய்தார்கள். கரையிலிருந்து ஒரு மைல், தண்ணீர் இல்லாத ஓடைவழி, காலை வைக்க முடியாத கல். வழிநெடுக விளக்கோடு ஆட்களை நிறுத்தி, சவப்பெட்டியைத் தூக்கி வரச் சுமார் இரண்டு மணி நேரம். பதினோரு மணி வாக்கில் குழிக்குள் இறக்கினார்கள். சடங்கு முடிந்து மற்றவர்கள் திரும்பிய பின்னும் நண்பர்கள் போகவில்லை. இருட்டில் கிடந்த மார்பிள் கற்களைப் பொறுக்கி வந்து குழிமேல் அடுக்கினார்கள். பிரதமரின் மகன் ஆர்தர் அஸ்க்வித், இசைக்காரர்கள் டெனிஸ் பிரவுனும் கெல்லியும், சார்லஸ் லிஸ்டர், ஃபிரெய்பர்க். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மரச்சிலுவையில் கிரேக்கத்தில் எழுதினார்: கடவுளின் ஊழியன், ஆங்கிலேயக் கடற்படையின் சப்-லெப்டினன்ட், துருக்கியரிடமிருந்து கான்ஸ்டான்டிநோபிளை மீட்க உயிர் கொடுத்தவன். கான்ஸ்டான்டிநோபிளை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காலையில் கப்பல் போயிற்று. மறுநாள், ஏப்ரல் 25, துருக்கியின் கல்லிப்போலியில் படைகள் இறங்கத் தொடங்கின.

"டெனிஸ் பிரவுன் ஆறே வாரத்தில் போனான், ஜூன் 4. உடம்பே கிடைக்கலை, ஹெல்லெஸ் நினைவுத் தூணில் பேர் மட்டும்தான். லிஸ்டர் ஆகஸ்டில். கெல்லி அடுத்த வருஷம் நவம்பரில், பிரான்ஸில். கல் அடுக்கினதில் ரெண்டு பேர்தான் மிச்சம், அஸ்க்வித்துக்கு ஒரு கால் போச்சு." விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். "அந்தத் தம்பி ஜூன் பாதியில். பிரான்ஸுக்கு வந்து மூணு வாரம்கூட ஆகலை."

"எந்தத் தம்பி?"

"இவனோட தம்பி. அவங்க அம்மாவுக்கு ரெண்டு மாசத்துல ரெண்டு தந்தி."

நான் பையிலிருந்து நேற்றைய திருநீற்றுப்பச்சிலையை எடுத்தேன். வாடிக் கறுத்திருந்தது, வாசனை மட்டும் போகவில்லை. வேலிக்குள் கையை விட்டு வைத்தேன். பேனா வட்டம் போட்ட கை.

டாக்சிக்காரர் புகைத்து முடித்து வந்து, "ஃபேமிலி?" என்று கேட்டார், கல்லறையைக் காட்டி. இவர் இல்லை என்று தலையாட்டி, "சிலபஸ்" என்றார். அவருக்குப் புரியவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். திரும்பி வந்ததும் காத்திருந்ததற்கு என்று பத்து யூரோ கூடுதலாகக் கேட்டார். தொப்பியைக் கழற்றியவரிடம் எப்படிச் சண்டை போடுவது. கொடுத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள் – மறுபடி கப்பல்

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. கையில் வீக்கம் வற்றிவிட்டது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் வட்டம் மட்டும் போகவில்லை. கிமியில் இறங்கி ஒரு கிலோ காய்ந்த அத்தி வாங்கினோம். பஸ்ஸில் இவர் தூங்கிப் போனார்.

போனைத் திறந்து பார்த்தேன். லேப் குரூப்பில் பாப்பனிகோலாவு சிலைக்குப் பதினேழு பேர் கும்பிட்டிருந்தார்கள். இவர் தன் பழைய மாணவர்கள் குரூப்பில் கல்லறைப் படத்தைப் போட்டிருந்தார். அதற்கு ஒரே ஒரு பதில், 1998 பேட்ச் பையன் ஒருவன்: "சார், இதுலேர்ந்து கட்டாயம் பத்து மார்க் கேள்வி வரும்னு சொன்னீங்க. வரவே இல்லை சார்."